தீயவர் இல்லாத துன்பியல்: கால்ஸ்வர்தியின் ‘நீதி’ நாடகமும் ஆங்கிலச் சட்டமும்

1910ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆந் திகதி, இலண்டன் மாநகரின் டியூக் ஒவ் யோர்க் அரங்கிலே ஜோன் கால்ஸ்வர்தியின் ‘நீதி’ என்னும் நாடகம் முதன்முதலாக மேடையேறிற்று. அதே நாளில் கிளாஸ்கோ நகரிலும் அது நடிக்கப்பட்டது. அவ்வாண்டு யூலை மாதத்திலே இங்கிலாந்தின் உள்நாட்டமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, தண்டனைக் கைதிகளைத் தனியறையில் அடைத்து வைக்கும் காலத்தைக் குறைப்பதாக அறிவித்தார். ஒரு நாடகம் அரசாங்கத்தின் விதியொன்றை மாற்றிற்று என்று இலக்கிய வரலாறுகள் இதனைப் பெருமையோடு குறிப்பிடும். அப்பெருமை நியாயமானதே. ஆயினும், அந்நாடகம் குற்றஞ்சாட்டியது தனியறையை மட்டுந்தானா? நான்கு அங்கங்களில் அது விரித்துக் காட்டிய கொடுமைகளுள் எது திருத்தப்பட்டது, எது தொடப்படாமல் விடப்பட்டது, ஏன் விடப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, சமுதாய மாற்றத்திலே கலைக்குரிய பங்கு யாது என்பதும் ஓரளவு தெளிவாகும்.

கால்ஸ்வர்தி 1867இல் பிறந்தவர். தந்தையார் செல்வம் மிகுந்த சட்டத்தரணி. மகன் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்று, 1890இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். ஆனால் தொழிலில் மனம் பற்றவில்லை. சட்டத்தை உள்ளேயிருந்து அறிந்தவர் என்பதனால், அதன் முகப்பை மட்டுமன்றிப் பின்கட்டையும் அவரால் காட்ட முடிந்தது. 1906இல் அவர் எழுதிய ‘வெள்ளிப் பெட்டி’ என்னும் முதல் நாடகத்திலேயே இப்பார்வை புலப்படுகிறது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன் மதுமயக்கத்தில் ஒரு பெண்ணின் பணப்பையை எடுத்து வருகிறான். அதே இரவில், வேலையற்ற தொழிலாளி ஒருவன் அவ்வீட்டு வெள்ளிப் பெட்டியை எடுத்துச் செல்கிறான். இருவர் செய்கையும் ஒன்றே. தொழிலாளி சிறை செல்கிறான். கனவானின் மகன் வீடு செல்கிறான். பணத்திற்கேற்ப வளையும் சட்டத்தை அந்நாடகம் காட்டிற்று. ‘நீதி’ அதனினும் ஒருபடி ஆழமாகச் சென்று, வளையாத சட்டத்தையே காட்டுகிறது. அங்கேதான் அதன் வலிமை இருக்கிறது.

கதை எளியது. ஜேம்ஸ் ஹௌ, அவர் மகன் வோல்டர் ஹௌ ஆகியோரின் சட்ட நிறுவனத்திலே வில்லியம் போல்டர் என்னும் இளைஞன் இளநிலை எழுதுவினைஞனாகப் பணிபுரிகிறான். கணவனால் நாள்தோறும் அடிபட்டு, ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்டுச் சாவின் விளிம்புவரை சென்ற ரூத் என்னும் பெண்மீது அவன் அன்பு கொள்கிறான். அவளையும் அவள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவுக்குச் சென்றுவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். கப்பற் செலவுக்குப் பணமில்லை. மாற்றுவதற்காகக் கைக்கு வந்த ஒன்பது பவுண் காசோலையைச் சில நிமிட நேரத்தில் தொண்ணூறு பவுணாகத் திருத்துகிறான். பின்னர் அடிக்கட்டையையும் திருத்துகிறான். அதனால் நாட்டை விட்டுச் சென்ற சக ஊழியன்மீது ஐயம் விழுகிறது. குற்றம் வெளிப்படுகிறது. வோல்டர் மன்னிக்கச் சொல்கிறான். தந்தை பொலிசாரை அழைக்கிறார். நீதிமன்றம் மூன்றாண்டுத் தண்டனைச் சிறை விதிக்கிறது. மூன்றாம் அங்கத்தில் சிறை. நான்காம் அங்கத்தில் விடுதலையும் மரணமும்.

இக்கதையில் தீயவன் யார் என்று தேடுவோமாயின், மேடையில் ஒருவரும் அகப்படமாட்டார். ரூத்தின் கணவனை நாடகாசிரியர் நமக்குக் காட்டுவதேயில்லை. முதலாளி ஜேம்ஸ் கண்டிப்பானவர், கொடியவர் அல்லர். தலைமை எழுதுவினைஞர் கோக்சன் இரக்கமே உருவானவர். நீதிபதி அவசரப்படாமல், இருபுறமும் கேட்டு, சட்டத்தை வழுவாது எடுத்துரைக்கிறார். சிறை அதிகாரியும் மருத்துவரும் குருவானவரும் தத்தம் கடமையைச் செய்கின்றனர். ஒவ்வொருவரும் நேர்மையாக நடக்கின்றனர்; அந்த நேர்மைகளின் கூட்டுத்தொகை ஓர் இளைஞனின் மரணம்.

கிரேக்கத் துன்பியலிலே மனிதனை வீழ்த்துவது ஊழ். சேக்ஸ்பியரிடத்திலே பெரும்பாலும் தலைவனின் நெஞ்சில் உறையும் குறைபாடே அவன் அழிவுக்கு வித்தாகிறது. கால்ஸ்வர்தியின் நாடகத்திலே ஊழின் இடத்தை ஒரு நிறுவனம் பிடித்துக்கொள்கிறது. ஊழை மனிதர் ஆக்கவில்லை; எனவே அதனோடு வழக்காட இயலாது. சட்டத்தையும் சிறையையும் ஆக்கியவர் மனிதரே. எனவே அவற்றை மாற்றவும் இயலும். தற்காலத் துன்பியல் பழைய துன்பியலிலிருந்து பிரியும் இடம் இதுவே. பார்வையாளன் கண்ணீருடன் வீடு திரும்பினாற் போதாது. யார் ஆக்கிய விதி இது என்று கேட்டாக வேண்டும்.

இரண்டாம் அங்கமான நீதிமன்றக் காட்சியை நோக்குவோம். எதிரி சார்பில் வாதாடும் இளம் சட்டத்தரணி, போல்டர் காசோலையைத் திருத்திய அந்தக் கணத்தை அவன் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்கிறார். காலையிலே கழுத்தில் விரல் தழும்புகளோடு வந்து நின்ற பெண்ணைக் கண்டவன் அவன். நீதிபதியோ, அந்தப் பின்னணி சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதது என்கிறார். அவரைக் குறை கூறுவது எளிதன்று; ஏனெனில் சட்டம் அவ்வாறுதான் எழுதப்பட்டிருந்தது. செயலை அதன் வரலாற்றிலிருந்து அறுத்தெடுத்து, தனியே மேசைமேல் வைத்துத் தீர்ப்பளிப்பது அதன் முறை.

அந்தச் செயலின்மீது சட்டம் கொண்டிருந்த கடுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. வர்த்தகமும் வங்கிமுறையும் வளர்ந்த பதினெட்டாம் நூற்றாண்டிலே, கையொப்பமும் கடதாசியும் செல்வத்தின் வடிவங்களாயின. அச்செல்வத்தைக் காக்கக் கள்ளக் கையெழுத்துக்கும் போலிப் பத்திரத்துக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. 1837இல்தான் அத்தண்டனை முற்றாக நீக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டின் சட்டத்தின்படியும், காசோலை ஒன்றைத் திருத்தியவனுக்கு ஆயுள்வரை தண்டனைச் சிறை விதிக்க இடமிருந்தது. ஆகவே, ஒன்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையிலான எண்பத்தொரு பவுணின் பின்னால் ஒரு வர்க்கத்தின் அச்சம் முழுவதும் நின்றது.

ரூத்துக்குச் சட்டம் அளித்த பாதுகாப்பு எத்தகையது? 1857ஆம் ஆண்டின் விவாகச் சட்டம், மனைவி பிறனோடு கூடினாள் என்று மெய்ப்பித்தாலே கணவனுக்கு விவாகரத்து வழங்கிற்று. மனைவிக்கோ, கணவனின் கூடாவொழுக்கத்தோடு கொடுமையோ கைவிடுதலோ போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அடியும் உதையும் எத்தனை என்றாலும் அவை மட்டும் போதா. 1895இன் சட்டப்படி, இடையறாத கொடுமைக்குள்ளான மனைவி நீதவானிடம் சென்று பிரிந்து வாழும் கட்டளை பெறலாம். பெற்ற பின் எதை உண்பது? மறுமணம் செய்யவும் இயலாது. குழந்தைகளைத் தனியே காக்கவும் இயலாது. கணவனின் கை, ஏழைகளுக்கான தொழில் விடுதி, தெரு என்னும் மூன்றையன்றி நான்காம் வழி அவளுக்கு இருக்கவில்லை. ஓர் அப்பாவிப் பெண்ணின் கழுத்தைக் காக்க வழியறியாத சட்டம், ஒரு கடதாசித் துண்டைக் காக்க மூன்றாண்டுச் சிறையை உடனே எடுத்து நீட்டுகிறது. இம்முரண்பாட்டை நாடகாசிரியர் சொற்பொழிவாக எங்கும் உரைக்கவில்லை. இரு செய்திகளையும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே பிற்பகலில், அருகருகே வைத்துவிடுகிறார்.

மூன்றாம் அங்கத்தின் பொருள் தனிச்சிறை. 1842இல் இலண்டனிலே திறக்கப்பட்ட பென்ரன்வில் சிறைச்சாலை இம்முறையின் முன்மாதிரி. கைதி தன் அறையிலே உண்டு, உறங்கி, உழைத்து, மற்றொரு கைதியின் முகத்தையும் காணாமல் இருக்க வேண்டும். உலாவும்போது முகமூடி, தேவாலயத்திலும் தடுப்புப் பலகைகள். தனிமையிலே மனச்சாட்சி விழிக்கும், மனிதன் திருந்துவான் என்பது அதனை வகுத்தோரின் நம்பிக்கை. விழித்தது மனச்சாட்சியன்று, பலருக்குச் சித்தம் கலங்கிற்று. தொடக்கத்தில் 18 மாதமாக இருந்த தனிமை பின்னர் 9 மாதமாகக் குறைக்கப்பட்டது. திருத்தும் நோக்கம் மெல்ல மறக்கப்பட்டது. அச்சுறுத்தும் நோக்கம் மட்டும் எஞ்சிற்று. தண்டனைச் சிறை பெற்ற ஒவ்வொருவனும் முதலில் கடந்தாக வேண்டிய வாயிலாக இருபதாம் நூற்றாண்டிலும் அது நீடித்தது.

கால்ஸ்வர்தி இதைக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். 1907இல் டாட்மூர் சிறைக்குச் சென்றார். பின்னர் லூயிஸ் சிறையிலே கைதிகள் பலரை ஒவ்வொருவராகச் சந்தித்து உரையாடினார். 1909இல் உள்நாட்டமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். அக்கடிதத்தில் கூறியதை நாடகத்திலே சொல்லின்றிக் காட்டினார். மூன்றாம் அங்கத்தின் இறுதிக் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. அறையிலே போல்டர் தனியே. ஏதாவது ஓர் ஒலி கேட்குமா என்று கதவில் காதை வைக்கிறான். தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கிறான், வைக்கிறான். கூண்டு விலங்குபோல் நடக்கிறான். எங்கோ ஒரு கைதி கதவை அறையும் ஒலி தொலைவிலிருந்து எழுந்து, அறைக்கு அறை பரவி, அவனிடம் வருகிறது. அவனும் தன் கதவின்மேல் விழுந்து இரு கைகளாலும் அறைகிறான். திரை விழுகிறது. வசனத்தை உயிர்நாடியாகக் கொண்டிருந்த ஆங்கில மேடையிலே இந்த மௌனம் பேரிடியாக ஒலித்தது.

இக்காட்சிக்கு முன்னர், சிறை மருத்துவர் போல்டரைப் பரிசோதித்து, சான்றிதழில் எழுதத்தக்க கேடு எதுவும் அவனிடம் இல்லை என்கிறார். இஃது எழுத்தாளனின் கற்பனை மிகை என்று எண்ணுவோர் அக்காலத்து மெய்ந்நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். இந்தியாவின் இராசப்பிரதிநிதியாக இருந்த லிற்றன் பிரபுவின் மகள் கொன்ஸ்ரன்ஸ் லிற்றன், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் 1909இல் சிறை சென்றபோது, இருதய நோய் உள்ளவர் என்று மருத்துவர் கூற விடுவிக்கப்பட்டார். 1910 யனவரியில் அவர் முடியைக் குறைத்து, மலிவான உடை அணிந்து, ஜேன் வோர்ட்டன் என்னும் தையற்காரியாகப் பெயர் மாற்றிக்கொண்டு லிவர்பூலிலே கைதானார். அதே உடல், அதே இருதயம். இம்முறை உரிய பரிசோதனை எதுவுமின்றி, குழாய் செலுத்திப் பலமுறை வலிந்து உணவூட்டப்பட்டது. நாடகம் மேடையேறுவதற்கு ஒரு மாதத்திற்கு முன் நடந்தது இது. மருத்துவன் எதைக் காண்கிறான் என்பதைக் கைதியின் வர்க்கமே நிர்ணயித்தது.

அந்தப் பெப்ரவரி மாதத்திலேயே வின்ஸ்டன் சேர்ச்சில் உள்நாட்டமைச்சரானார். சிறை ஆணைக்குழுத் தலைவர் றகிள்ஸ் பிறைஸ் உடன்வர அவர் நாடகத்தைக் கண்டார். தனிமைக் காலத்தை எல்லோருக்கும் 3 மாதமாகக் குறைக்க அவருக்கு முன்னிருந்த அமைச்சர் ஹேபட் கிளாட்ஸ்டன் ஏற்கெனவே இசைந்திருந்தார். கால்ஸ்வர்தியின் கடிதத்துக்கும் அதில் பங்குண்டு. சேர்ச்சில் அதனை மேலும் குறைத்து, பழங்குற்றவாளிகள் ஒழிந்த ஏனையோருக்கு ஒரு மாதமாக்கினார். விடுதலையானோரைப் பொலிசாரின் கண்காணிப்பில் விடுவதற்குப் பதிலாக, உதவிச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் விடும் ஏற்பாடும் அவர் காலத்தில் உருவாயிற்று. ஆயிரக்கணக்கான மனிதரின் வாழ்விலே இம்மாதங்கள் அற்பமானவை அல்ல. அவற்றை இகழ்வோர் ஒரு வாரமேனும் அவ்வறையில் இருந்து பார்த்தவர் அல்லர்.

ஆனால் அதே அமைச்சர், அதே 1910ஆம் ஆண்டின் நவம்பரிலே, தென் வேல்சின் ரொண்டா பள்ளத்தாக்கில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கெதிராக இலண்டன் பொலிசாரை அனுப்பினார், இராணுவமும் நிறுத்தப்பட்டது. 1911 ஓகஸ்டிலே போக்குவரத்து வேலைநிறுத்தங்களின்போது லிவர்பூலில் இருவரும் லனெத்லி நகரில் இருவரும் இராணுவத்தின் குண்டுக்குப் பலியாயினர். அகப்பட்டு அடங்கிவிட்ட மனிதனிடம் இரக்கம். நிமிர்ந்து நின்று உரிமை கேட்ட மனிதனிடம் துப்பாக்கி. இவ்விரண்டும் முரண்பட்டவைபோலத் தோன்றினும், சொத்துரிமையைத் தொடாத அளவுக்கு மட்டுமே இரக்கம் அனுமதிக்கப்பட்டது என்று கொண்டால் முரண்பாடு நீங்கிவிடும். தனியறைக் காலத்தைக் குறைப்பதனால் எந்த முதலாளிக்கும் ஒரு பென்சு நட்டமில்லை.

நாடகத்தின் நான்காம் அங்கம் இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. நிபந்தனை விடுதலைச் சீட்டோடு வெளிவந்த போல்டருக்கு வேலை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சிறைக்கதை தெரிந்ததும் நிலைப்பதில்லை. பழைய முதலாளி அவனை மீண்டும் ஏற்கச் சம்மதிக்கிறார். ரூத்தைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. ரூத்தோ கணவனை விட்டு வந்தவள். இரவு பன்னிரண்டு மணிவரை பாவாடை தைத்தும் வாரத்துக்குப் பத்துச் சிலிங்குக்கு மேல் அவளால் ஈட்ட முடியவில்லை. குழந்தைகளுக்கு உணவூட்ட வேலை தந்தவனின் ஆசைக்கு இணங்கியிருக்கிறாள். இச்செய்தி வெளிப்படும் அந்த வேளையிலேயே, பொலிசாரிடம் வரவு பதியத் தவறியதற்காகவும், வேலை பெறப் போலி நற்சான்று காட்டியதற்காகவும் போல்டரைத் தேடி அதிகாரி வருகிறார். மீண்டும் சிறை. போல்டர் கீழே பாய்ந்து உயிரை விடுகிறான்.

இங்கே அவனைக் கொன்றது தனியறையன்று. வேலைச் சந்தையும், பெண்ணின் கூலியும், விவாகச் சட்டமும், மதிப்புக்குரிய மனிதரின் ஒழுக்கக் கோட்பாடும் சேர்ந்தே அவனைக் கொன்றன. இவற்றுள் ஒன்றையும் அமைச்சர் ஒருவர் நாடகம் பார்த்துத் திருத்திவிட முடியாது. திருத்தியவர்கள் வேறு வகையினர். ரூத்தின் பத்துச் சிலிங்கு மேடையிலே பேசப்பட்ட அதே 1910ஆம் ஆண்டில், கிறேட்லி ஹீத் என்னும் ஊரிலே சங்கிலி அடிக்கும் பெண் தொழிலாளர், மேரி மக்காதரின் தலைமையில் ஏறத்தாழப் பத்து வாரம் போராடி, மணிக்கு இரண்டரைப் பென்சு என்னும் குறைந்தபட்சக் கூலியை முதலாளிமார் அனைவரையும் ஏற்கச் செய்தனர். கூடாவொழுக்கம் பற்றிய விவாகரத்து விதியிலே ஆணும் பெண்ணும் சமமானது 1923இல். பெண்கள் வாக்குரிமையின் முதற் பகுதியை 1918இல் வென்ற பின்னர். கொடுமை ஒன்றே விவாகரத்துக்குப் போதுமான காரணமானது 1937இல். தண்டனைச் சிறை என்னும் தண்டனைவகை 1948இல் ஒழிந்தது. வறியோருக்கான சட்ட உதவித் திட்டம் 1949இல், தொழிற்கட்சி ஆட்சியில் வந்தது. ஒரு நாடகத்தின் நான்கு அங்கங்கள் எழுப்பிய வினாக்களுக்கு அரைகுறை விடை கூறவே நாற்பதாண்டுகள் சென்றன.

இதைக் கொண்டு கால்ஸ்வர்தியை வெறும் இரக்கவாதி என்று ஒதுக்குவோரும் உளர். அவர் சமதர்மவாதி அல்லர் என்பது உண்மையே. தாம் பிறந்த வர்க்கத்தின் மனச்சாட்சியை நோக்கியே அவர் பேசினார். தொழிலாளி வர்க்கத்தின் கூட்டு ஆற்றலை 1909இல் மேடையேறிய ‘போராட்டம்’ நாடகத்திலே காட்டியபோதும், இரு தரப்புக்கும் நடுவே நின்று துலாக்கோல் பிடித்தார். ஆனால் ஓர் ஆக்கத்தை அதன் ஆசிரியரின் கொள்கை அளவுகொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. தனிமனிதரின் தீமை இல்லாமலே ஓர் அமைப்பு மனிதனை நசுக்க வல்லது என்பதை ‘நீதி’ ஐயத்துக்கிடமின்றி நிறுவிற்று. தீயவன் ஒருவனைக் காட்டியிருந்தால், அவனை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற ஆறுதலோடு மக்கள் வீடு சென்றிருப்பர். அந்த ஆறுதலை அவர் தரவில்லை. முடிவை அவர் சொல்லவில்லையாயினும், முடிவுக்கு வேண்டிய சான்றுகள் அனைத்தையும் நம் முன் வைத்தார்.

இதனை நமது பிராந்தியத்திலே நன்குணர்ந்தவர் பிரேம்சந்த். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ‘வெள்ளிப் பெட்டி’, ‘போராட்டம்’, ‘நீதி’ ஆகிய மூன்றையும் இந்தியிலே மொழிபெயர்த்தார். ‘போராட்ட’த்துக்கு அவர் இட்ட பெயர் ‘ஹர்த்தால்’. உப்புச் சத்தியாக்கிரகத்தால் சிறைகள் நிரம்பிய காலம் அது. தொழிற்சங்கத் தலைவர்கள்மீதான மீரட் சதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். அவர் துணைவியார் சிவராணி தேவியே 1930இல் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1936இல் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கவிருந்த அவர், ஆங்கிலேயரின் சட்டத்தை ஆங்கிலேயர் ஒருவரின் வாய்மொழியாகவே குறுக்கு விசாரணை செய்ததில் வியப்பில்லை.

ஏனெனில் அச்சட்டம் கப்பலேறி இங்கும் வந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை மூன்று மாதம் வரை தனிச்சிறை விதிக்க 73ஆம் பிரிவில் இடமளித்தது. அதனைப் பெரிதும் தழுவியதே இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. இந்தியக் கோவை நீக்கப்பட்டு 2024 யூலை முதலாந் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழையது அடிமைக்காலச் சட்டம், புதியது நீதிக்கான சட்டம் என்று முழங்கப்பட்டது. புதியதன் 11ஆம் பிரிவைத் திறந்து பார்த்தால், அந்த மூன்று மாதத் தனிச்சிறை அப்படியே இருக்கிறது. 15 நாளுக்கு மேற்பட்ட தொடர் தனிச்சிறையைத் தடைசெய்யும் மண்டேலா விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவ்விதிகள் அரசுகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்துவன அல்ல.

ஆகவே ‘நீதி’யைப் பழைய ஆங்கில நாடகமொன்றாக மட்டும் வகுப்பறையிலே கற்பித்து முடித்தல் போதாது. போல்டருக்கு எத்தனை மாதத் தனிமை தகும் என்ற வினாவிலேயே அன்றைய ஆட்சியாளர் நாடகத்தை முடித்துக்கொண்டனர். அவன் காசோலையைத் திருத்தும் நிலைக்கு யார் கொண்டுவந்தனர், வெளிவந்த பின் வாழ ஏன் விடவில்லை என்னும் வினாக்களிலிருந்து மாணவர் தொடங்க வேண்டும். அவ்வினாக்களை மேடை எழுப்பலாம். அவற்றுக்கு விடை எழுதும் பணி, கிறேட்லி ஹீத்தின் பெண்களைப்போல ஒன்றுசேர்ந்து நிற்போருக்கே உரியது.